யார் வீட்டுத் துப்பாக்கி? உரிமத்தின் சாதி வரலாறு



தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவாக சுந்தரபாண்டியத்தில் கூடியிருக்கிறோம். அவர் ராணுவத்தில் பணியாற்றியவர். துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி பெற்றவர். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடித் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவர் கையில் ஆயுதம் இல்லை.

ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாமும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால் என்ன? என்ன துப்பாக்கி கிடைக்கும்? என்ன தோட்டா போடலாம்?" பெரியவர்கள் இதைக் கோபப் பேச்சு என்று தட்டிவிடுகிறார்கள். நாம் அப்படித் தட்டிவிட விரும்பவில்லை. இந்தக் கேள்விக்குள் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் பயமின்றித் தூங்கும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்ற வரலாறு அது.

குழலும் தோட்டாவும் குறியும்

முதலில் பொருளைப் பார்ப்போம். இந்தியாவில் வீட்டுக் காவலுக்கென்று சாதாரணக் குடிமகனுக்குச் சட்டம் காட்டும் ஆயுதம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி. வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்குகிறதே, அந்த 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை நுழையும் அளவு துளை என்பதால் அந்தப் பெயர். விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ரைபிளின் குழலுக்குள் திருகு வரிகள் இருக்கும். அவை குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். இதில் வரிகள் கிடையாது. ஆகவே தூரத்துக்கு உதவாது, கிட்டத்தில்தான் வலு.

தோட்டாவுக்குள் மருந்து, தக்கை, அதன்மேல் ஈய ரவை. ரவையின் அளவுதான் தோட்டாவின் குணம். 6ஆம் எண் தோட்டாவில் இருநூறுக்கு மேற்பட்ட சிறு ரவைகள், அது பறவைக்கு. எல்.ஜி., எஸ்.ஜி. வகைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய குண்டுகள். அவை பன்றிக்கும் மனிதனுக்கும். புனே பக்கம் கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலை 'சக்திமான்' என்ற பெயரில் இத்தோட்டாக்களைச் செய்கிறது. குறி பார்க்க இத்துப்பாக்கியில் பெரும்பாலும் இருப்பது குழலின் நுனியில் ஒரு சிறு பித்தளை மணி மட்டுமே. இருட்டில் அந்த மணியும் தெரியாது.

துப்பாக்கிக் கையேடுகள் இதைப் பற்றி நிறையச் சொல்லும்: எந்தத் தோட்டா வீட்டுக்கு ஏற்றது, எந்தக் குறி இரவில் தெரியும் என்று. ஆனால் அந்தக் கையேடுகள் மனதில் வைத்திருக்கும் வீடு தனி வீடு. சுற்றிலும் காலியிடம், தடித்த சுவர், தாழ்ப்பாள் உள்ள கதவு. நம் காலனி வீடு அப்படிப்பட்டதல்ல. ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போடும். தட்டியும் தகரமும் மண்ணும் கொண்ட சுவரைப் பெரிய குண்டு துளைத்துக்கொண்டு போகும். வாசலில் நிற்பவனைக் குறிவைத்த குண்டு எதிர்வீட்டுத் தொட்டிலில் பாயலாம். எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு முன்பாகவே, எப்படிப்பட்ட இடத்தில் நம்மைக் குடிவைத்தார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

ஆயுதம் களைந்த நூற்றாண்டு

இந்தத் தென்பாண்டிச் சீமை பாளையக்காரர்களின் சீமை. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் அடுத்த எழுச்சியும் ஒடுக்கப்பட்டது. உடனே கம்பெனி அரசு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் அறிவிப்பு வெளியிட்டது. கட்டபொம்மன் படையில் இருந்த வீரன் சுந்தரலிங்கத்தை நம் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனவே ஆயுதம் ஏந்திய மரபு ஒரு சாதிக்கோ இரண்டு சாதிக்கோ சொந்தமல்ல. ஆயுதம் களையப்பட்ட பிறகு யார் கையில் அது திரும்பி வந்தது என்பதுதான் கதை.

1857ஐ எடுத்துக்கொள்வோம். கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள் என்று பாடநூல் சொல்கிறது. அந்தச் செய்தி வெளிவந்த விதத்தைப் பாருங்கள். டம்டம் தொழிற்சாலையின் கூலித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பைக் கேட்டார். தீட்டு என்று மறுத்த சிப்பாயிடம், நீ பல்லால் கடிக்கப்போகும் தோட்டாவில் என்ன கொழுப்பு தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். வட இந்திய தலித் மக்கள் அவரை மாதாதீன் பங்கி என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். தோட்டாவைச் செய்தவர் தண்ணீர் தொடக்கூடாதவர். அதைக் கையாண்டவர் உயர்ந்தவர். தோட்டாவுக்குள் மருந்தோடு சாதியும் அடைக்கப்பட்டிருந்தது.

எழுச்சி அடங்கியதும் வெள்ளையர் செய்த முதல் காரியங்களில் ஒன்று நம் தலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனித் துப்பாக்கி செய்தார்கள். பார்வைக்கு அது என்ஃபீல்டு ரைபிள்தான். ஆனால் குழலின் திருகு வரிகள் இல்லை. தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிக்குப் பதிலாக அசையாத எளிய குறி. வெள்ளைச் சிப்பாயின் குண்டு தூரம் போகும். இந்தியச் சிப்பாயின் குண்டு போகாது. எவனுக்கு எந்தத் தோட்டா, எந்தக் குறி என்பதை ஆள்பவன் தீர்மானித்தான். பின்னாளில் போலீசுக்கு வழங்கப்பட்ட .410 மஸ்கட்டும் வரியற்ற குழல்தான்.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு விலக்கு. உரிமம் என்ற காகிதம் பிறந்ததும் அது யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு ஒரு வழக்கம் பிறந்தது. நிலம் உள்ளவர், வரி கட்டுபவர், அதிகாரிக்கு அறிமுகமானவர், கிராம முன்சீப்பின் நல்ல சொல் பெற்றவர். சேரியில் அப்படி யார் இருக்க முடியும்?

அதே காலத்தில் படையிலிருந்தும் நம்மை வெளியே தள்ளினார்கள். மெட்ராஸ் ராணுவத்தின் பயனியர், சாப்பர் படைகளில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். 'போர்க்குணச் சாதி' என்ற கோட்பாடு வந்த பிறகு தென்னிந்தியர்களின் இடம் சுருங்கியது. 1890களில் மகர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவ சுபேதார் என்பதை நாம் அறிவோம். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் கோரேகான் நினைவுத்தூண் முன் போய் நின்றது இந்த இழப்பை நினைவூட்டத்தான்.

மலையடிவாரத்து மரியாதை

நம் வட்டாரத்துக்கு வருவோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் முழுவதும் தோப்பும் வயலும். மலையிலிருந்து பன்றி இறங்கும். பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி என்ற பேச்சு இங்கே பழையது. பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்தது. துப்பாக்கியும் நாயும் ஒரே வீட்டில்தான் இருந்தன. அது நிலமுள்ள வீடு. அந்த நிலத்தில் இரவுக் காவல் கிடந்த பண்ணையாளிடம் இருந்தது கம்பும் தகரடப்பாவும் பந்தமும்.

பயிரைக் காக்கவே துப்பாக்கி என்றாலும் அது சுவரில் மாட்டப்பட்டிருந்தது வந்துபோகும் எல்லாருக்கும் தெரியத்தான். கூலி உயர்வு கேட்க வந்தவனும் அதைப் பார்த்தான். சுடாத துப்பாக்கியும் வேலை செய்யும்.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் 1878 சட்டத்தை நீக்கியது. அதன் 14ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது அது. சட்டத்தில் அப்படி எழுதவேண்டி வந்ததே, அதற்கு முன் என்ன நடந்தது என்பதற்கான ஒப்புதல். 13ஆவது பிரிவு, பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையையும் கேட்கிறது. காவல் நிலையத்தில் நம் புகாரையே பதிவு செய்ய மறியல் செய்யவேண்டிய ஊர்களில், அந்த அறிக்கையில் என்ன எழுதப்படும்?

வெண்மணியின் ரவை

1968 டிசம்பர் 25. கீழவெண்மணி. நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தை எதிர்த்த நிலவுடைமையாளர்களின் கும்பல் இரவில் சேரிக்குள் வந்தது. அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. மக்களிடம் கல்லும் கம்பும் இருந்தன. சுட்டபோது மக்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். உயிர் தப்பியவர்களில் சிலர் உடலில் துப்பாக்கி ரவை பாய்ந்திருந்தது.

இங்கே சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 103ஆவது பிரிவின்படி, மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்கோ கூடாரத்துக்கோ தீ வைப்பவரைத் தடுக்கையில் அவர் உயிரே போனாலும் அது குற்றமல்ல. அதாவது அன்றிரவு தற்காப்புக்குத் தேவையான அளவில் வெண்மணி மக்கள் செய்திருக்கக்கூடியதற்குச் சட்டம் அவர்கள் பக்கம் நின்றிருக்கும். நூறாண்டுக்கும் மேலாகக் காகிதத்தில் அந்த உரிமை இருந்தது. ஆனால் அதைச் செயல்படுத்தும் கருவி எதிராளியின் கையில் இருந்தது. தீர்ப்பு என்ன ஆனது? கீழ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்ற ஐயம் அத்தீர்ப்பில் இருந்தது. சொத்து துப்பாக்கி உரிமத்துக்குத் தகுதியானது. அதே சொத்து கொலைக் குற்றத்திலிருந்து விடுபடவும் தகுதியானது.

பீகாரிலும் இதையே பார்த்தோம். பதானி டோலாவில் 1996இல் 21 பேர். லட்சுமண்பூர் பாதேயில் 1997இல் 58 பேர். ரன்வீர் சேனா வந்தது துப்பாக்கிகளோடு. கீழ் நீதிமன்றத் தண்டனைகளை பாட்னா உயர் நீதிமன்றம் 2012லும் 2013லும் ரத்து செய்தது.

அம்பேத்கர் ஏன் மறுத்தார்?

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தேசிய இயக்கம் ஒரு கோரிக்கையாகவே வைத்திருந்தது. 1930இல் காந்தி வைசிராயிடம் வைத்த 11 கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் அது அடிப்படை உரிமைகளில் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் தடையின்றி ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நிர்வாகம் நடத்தவே முடியாது என்பது அவர் வாதம். இன்றைய 19ஆவது உறுப்பு 'ஆயுதமின்றி, அமைதியாகக் கூடும்' உரிமையைத்தான் தருகிறது.

நாம் இதை எப்படிப் புரிந்துகொள்வது? 1927இல் மகத் குளத்தில் தண்ணீர் எடுத்த பிறகு சாதி இந்துக்கள் நம் மக்களைத் தாக்கினார்கள். கூட்டத்தில் முன்னாள் ராணுவத்தினர் பலர் இருந்தார்கள். ஒரு சொல் சொன்னால் போதும் என்று காத்திருந்தார்கள். அம்பேத்கர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வழக்கு நடந்து தாக்கியவர்கள் தண்டனை பெற்றார்கள். இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுதச் சந்தை திறந்துவிடப்பட்டால் அதில் முதலில் வாங்கப்போவது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நாம் வாசிக்கிறோம். நிலம் வைத்திருப்பவனிடம் பத்து துப்பாக்கியும் நிலமற்றவனிடம் ஒன்றும் இருக்கும் ஊரில், ஆயுத உரிமை எல்லாருக்கும் பொது என்பது சமத்துவமாகாது.

1995இல் வந்த விதி

இருந்தாலும் கதை அங்கே முடியவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995 மார்ச் 31 அன்று விதிகள் வந்தன. 3ஆவது விதியைத் தோழர்கள் மனப்பாடம் செய்யவேண்டும். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு அடையாளம் காணவேண்டும். அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோர் உரிமம் பெற்று வைத்திருக்கும் ஆயுதங்களை, தேவைப்பட்டால் உரிமத்தை ரத்து செய்து, அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவை எனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கவேண்டும். இந்தியக் குடியரசு தன் விதியிலேயே, எங்களால் உங்களைக் காக்க முடியாமல் போகலாம் என்று எழுதிக்கொடுத்த இடம் இது.

விதி வந்த அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் என்ன நடந்தது? வீடுகளை உடைத்து, கிணற்றைக் கெடுத்துப் போனது சாதிக் கும்பல் அல்ல. சீருடை அணிந்த போலீஸ். 2011 செப்டம்பர் 11 அன்று, இதே நினைவு நாளில், பரமக்குடியில் சுட்டதும் போலீஸ்தான். அரசே வாசலில் வந்து நிற்கும்போது அரசு தந்த துப்பாக்கி எதற்கு உதவும்?

1997ஐ இந்த வட்டாரத்தார் மறக்கமாட்டார்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் ஊர் ஊராகப் பரவியது. முடிவில் எல்லா மாவட்டங்களின், எல்லாக் கழகங்களின் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டன. கலவரத்தைத் தூண்டியவர்களின் வீட்டிலிருந்த துப்பாக்கிகளை நீக்க 3ஆவது விதி இரண்டாண்டுகளாகக் கையில் இருந்தது. பெயர்ப்பலகையை நீக்குவதுதான் அரசுக்குச் சுலபமாக இருந்தது.

அமெரிக்கக் கறுப்பர்களின் பாடம்

அமெரிக்காவில் ஆயுதம் அரசியல் சாசன உரிமை. ஆனாலும் கதை நம்முடையதைப் போன்றதே. 1892இல் மெம்பிஸ் படுகொலைக்குப் பின், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் ரைபிளுக்கு மரியாதைக்குரிய இடம் வேண்டும் என்ற பொருளில் எழுதினார் ஐடா பி. வெல்ஸ். 1956இல் தன் வீட்டில் குண்டு வெடித்த பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அகிம்சையின் அடையாளமான கிங் கூட முதலில் ஒரு விண்ணப்பதாரர்தான். 1964இல் லூசியானாவில் 'தற்காப்புக்கான டீக்கன்கள்' என்ற அமைப்பு, இரவில் தொண்டர்களின் வீடுகளை ஆயுதத்தோடு காவல் காத்தது. 1967இல் கருஞ்சிறுத்தைகள் கலிஃபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தியதும், அதைத் தடுக்க மல்ஃபோர்டு சட்டம் உடனே வந்தது. வெள்ளையர் கையில் உரிமையாக இருந்தது கறுப்பர் கைக்கு வந்ததும் குற்றமானது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது டீக்கன்களின் கூட்டுக் காவல். அவர்களைக் காத்தது தனி வீட்டுத் துப்பாக்கி அல்ல. தெரு முழுவதும் விழித்திருந்தது.

நாம் கேட்கவேண்டியது

தென் மாவட்டச் சாதிக் கொலைகளின் ஆயுதம் அரிவாள். கொலை நடக்கும் இடம் வீட்டுக்கு வெளியே. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பாதுகாப்பு கேட்டவர். 1997 ஜூன் 30 அன்று ஓடும் பஸ்ஸை மறித்து அவர் உட்பட 7 பேரை வெட்டினார்கள். வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்காது. வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி, குடியும் சண்டையும் கடன் துயரமும் உள்ள வீட்டில் முதலில் யார் பக்கம் திரும்பும் என்பதை நம் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நம் பையன் கையில் உரிமத் துப்பாக்கி இருந்தால், அதைக் காரணம் காட்டி ஊர் முழுவதும் பொய் வழக்கு போடத் தயங்காத காவல் நிலையங்களையும் நாம் அறிவோம்.

அதனால் விண்ணப்பிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. உயிர் அச்சுறுத்தல் உள்ள ஊராட்சித் தலைவரும், வன்கொடுமை வழக்கின் சாட்சியும் 3ஆவது விதியைச் சுட்டி ஆட்சியரிடம் எழுத்துமூலம் விண்ணப்பிக்கட்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்கட்டும். 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யட்டும். ஒவ்வொரு மறுப்பும் ஓர் ஆவணம். அச்சுறுத்தல் அரசுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு நாளை நீதிமன்றத்தில் அது சான்றாகும். கடமை தவறிய அதிகாரியை அதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் நிறுத்த அது உதவும்.

ஆனால் நம் முதல் கோரிக்கை நமக்கொரு துப்பாக்கி என்பதாக இருக்கவேண்டாம். அவர்களிடமுள்ளதை எடு என்பதாக இருக்கட்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும் அரசு, வன்கொடுமை நடந்த ஊரில் ஏன் அதைச் செய்வதில்லை? நம் வட்டத்தில் எத்தனை உரிமங்கள், எந்தெந்த ஊரில், எத்தனை ரத்து செய்யப்பட்டன, 3ஆவது விதியின்படி எத்தனை வழங்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாணவர்கள் இதை ஓர் ஆய்வாகவே செய்யலாம். நிலவுடைமைப் பட்டியலையும் உரிமப் பட்டியலையும் அருகருகே வைத்தால் ஊரின் சாதி வரைபடம் தெரியும்.

சட்டத்தையும் படியுங்கள். பழைய 100, 103 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 38, 41 பிரிவுகளாக உள்ளன. உயிருக்கோ உடலுக்கோ கொடுங்காயம் வரும் என்ற நியாயமான அச்சம், வல்லுறவு முயற்சி, குடியிருப்புக்குத் தீவைப்பு ஆகியவற்றின்போது தற்காப்புரிமை உயிரைப் பறிக்கும் எல்லை வரை செல்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. கையில் இருப்பது துப்பாக்கியா உலக்கையா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

வெண்மணிக் குடிசைக்குள் ஒதுங்கியவர்களுக்கு இந்த உரிமை நூறாண்டுக்கும் மேலாக இருந்தது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு காலனியிலும் பத்துப் பேருக்காவது இதைச் சொல்லிவிடுவோம். முதல் தகவல் உரிமை மனுவை சுந்தரபாண்டியத்திலிருந்தே அனுப்புவோம்.

ஜெய்பீம்.